கரண்ட் போன பிறகு தும்பியில் நடந்தது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஈரச் சிமெண்ட்டில் கோழி நடந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் என் கையெழுத்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் பெரிய ‘ற’ வரும், எந்த இடத்தில் சின்ன ‘ர’ வரும் என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். சங்க மலரை அச்சுக்குக் கொடுக்கும் தம்பி செல்வம், தப்பை எல்லாம் தானே திருத்திக்கொள்வதாகச் சொன்னதால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தைத் திருத்து தம்பி. விஷயத்தைத் திருத்தாதே.

செல்வம் இப்போது எங்கள் பழைய குழுவுக்கு மேஸ்திரி. தொழிற்சாலைக்குள் வரும் கனமான மிஷின்களை லாரியிலிருந்து இறக்கி, உருட்டி, அதனதன் இடத்தில் உட்கார வைக்கிற வேலை எங்களுடையது. கலாசி வேலை என்பார்கள். என் முழங்கால் தேய்ந்துபோய், மண்டியிட்டால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்று ஆன பிறகு வேலையை விட்டேன். போன மாதம் சங்கக் கூட்டத்துக்குப் போனவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

“அண்ணா, ஞாயித்துக்கெழமை ஆனா கார் கம்பெனி லைன்ல நிக்கற நம்ம சங்கத்துப் பசங்க ரூம்ல அந்தப் பழைய ஹெலிகாப்டர் சீரியலைப் போட்டுக்கினு உக்காந்துடறானுங்க. இவனுங்க பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. பனின்னு கல்லுப்ப கொட்டி வெச்சிக்கீறான். பாறை விழுந்தா பந்து மாதிரி குதிக்குது. அதுல இன்னா இருக்குதுன்னு பாக்கறானுங்க? நீங்கதான் அந்தக் காலத்து ஆளு. மலருக்கு எழுதிக் குடுங்க.”

நான்கு பேருக்கு நடுவில் கேட்டதால் எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். கூட்டத்தில் பேச எனக்கு எப்போதும் கூச்சம். இந்தக் கூச்சத்தால்தான் குழுவில் எனக்கு ஒரு வேலையே கிடைத்தது. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மறைமலை நகரில் கட்டை தூக்கும் ஆளாகச் சேர்ந்தேன். மிஷினுக்கு அடியில் கொடுக்கும் மரக்கட்டை. முதல் சில வருஷம் கட்டை தூக்கினேன், கட்டை அடுக்கினேன், வேறொன்றும் சொல்வதற்கில்லை. பிறகு ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்தன. எங்கள் குழு அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தங்கியது. எங்கள் மேஸ்திரி தணிகாசலம் மணிமங்கலத்துக்காரர். கத்த மாட்டார். திட்டவும் மாட்டார். தப்புச் செய்தவன் பக்கத்தில் வந்து, அவன் செய்த வேலையைத் தானே ஒரு முறை பிரித்துச் செய்துவிட்டுப் போவார். அதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. எந்தக் கனத்தைத் தூக்கினாலும் முதலில் நான்கு விரல் உயரம்தான். அங்கேயே நிறுத்திவிடுவார். எல்லோரும் இரண்டு எட்டு பின்னால் போக வேண்டும். ஒரே ஒரு ஆள் மட்டும் தரையில் குப்புறப் படுத்து அடியில் பார்ப்பான். சங்கிலி எப்படி இருக்கிறது, கட்டை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணில் படுவதைச் சொல்வான். அது முடிந்த பிறகுதான் மேலே தூக்குவது. எத்தனை பெரிய அதிகாரி அவசரப்படுத்தினாலும் இந்த நான்கு விரல் மாறாது.

அந்தப் படுக்கிற ஆளாக என்னைப் போட்டார். “நீ அதிகமா பேச மாட்ட. அதான் உன்னப் போடறேன்” என்றார். முதல் நாள் அடியில் பார்த்துவிட்டு, “இடது பக்கம் சரியா இருக்கும் மேஸ்திரி” என்றேன்.

“இருக்கும்னு இன்னா? கீதா, இல்லியா?”

“இருக்கு.”

“பாத்தியா, நெனச்சியா?”

மறுபடி படுத்துப் பார்த்தேன். அன்று முதல் எனக்கு அதுதான் சட்டம். பார்த்ததைச் சொல். பார்க்காததைச் சொல்லாதே. ‘பரவாயில்லை’, ‘ஆகிவிடும்’ போன்ற வார்த்தைகளை அவருக்குக் காதால் கேட்கப் பிடிக்காது.

இனி சீரியலுக்கு வருகிறேன். அரசாங்கம் வீட்டுக்கு ஒரு கலர் டிவி கொடுத்த காலம். மேஸ்திரி வீட்டில் ஏற்கனவே ஒன்று இருந்ததால், புதியதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தமிழில் பேசும் அந்த வெளிநாட்டுத் தொடர் வரும். அதன் உண்மையான பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. மஞ்சள் நிற ஹெலிகாப்டர், வாலை ஆட்டிக்கொண்டு மலைமேல் நிற்கும். நாங்கள் வைத்த பெயர் தும்பி.

அதில் மூன்று பேர். ஓட்டுகிறவர் கேப்டன். கயிற்றில் தொங்கிக் கீழே போகிறவள் லீனா. மூன்றாவது ஆள், திறந்த கதவோரம் குப்புறப் படுத்துக் கீழே பார்ப்பவன். கேப்டனுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. லீனா கத்தினால் மேலே கேட்காது. கீழே அவள் கையை அசைப்பதைப் பார்த்து இவன்தான் கேப்டனுக்குச் சொல்ல வேண்டும். அவனுக்குச் சண்டை இல்லை, காதல் இல்லை, ஒரு வாரம்கூட அவன் முகத்தை முழுசாகக் காட்டியது இல்லை. வாசலில் படுத்திருப்பதால் நாங்கள் அவனை வாசக்காரன் என்போம்.

“அண்ணாச்சி, ஒங்க வேலைய டிவில காட்டுதானுவ” என்று முதலில் கத்தியவன் முருகேசன். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். என்னைவிடப் பத்து வயது சிறியவன் என்றாலும், பெண்டாட்டி, கைக்குழந்தை என்று குடும்பஸ்தன். உருளும் மிஷினுக்கு முன்னால் ரோலர் பைப் எடுத்துப் போடுவது அவன் வேலை. சீரியலை அவனைப் போல யாரும் பார்த்ததில்லை. “ஏய், இந்தப் பாறைதான்லா போன வாரமும் விழுந்துச்சு! மூக்குல பெயிண்ட் போயிருக்கு பாருங்க” என்பான். ஒரு தடவை கயிற்றில் கிளாம்ப் திருப்பிப் போட்டிருந்ததை எல்லோருமே பார்த்துவிட்டோம். மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். “அந்தப் பொண்ணு எறங்கப் போவுது, எவன்டா இத மாட்டனது?” என்று டிவியைப் பார்த்துக் கேட்டார். கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. லீனா மேலே வந்து சேரும்வரை நின்றுகொண்டே பார்த்தார்.

தப்பு தப்பாக எடுத்த படம்தான். எல்லா ஆண்களுக்கும் ஒரே ஆள் குரல் கொடுத்திருந்தார். ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவருக்குத் தெரிவது மற்ற இருவருக்குத் தெரியாது, அதை ஒளிக்காமல் சொல்லிக்கொள்வார்கள். அது மட்டும் எங்களுக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு, பழைய சுரங்கத்துக்குள் ஒரு கிழவர் மாட்டிக்கொண்ட கதை. கால்மேல் மண் சரிந்து கிடக்கிறது. லீனா இறங்கிவிட்டாள். அவரைக் கட்டி இழுக்கும்போது கயிறு பாறை விளிம்பில் உரசிப் பிரி பிரியாக அறுகிறது. அது வாசக்காரனுக்கு மட்டும்தான் தெரிகிறது. கேப்டன் கேட்கிறார், “கயிறு தாங்குமா?” வாசக்காரன் வாயைத் திறந்தான்.

கரண்ட் போய்விட்டது.

நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று ஓடிவந்தார். அந்த வாரம் முழுக்க இதே பேச்சு. தாங்கும் என்றான், தாங்காது என்றான், லீனாவைக் கயிற்றை அறுக்கச் சொன்னான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மேஸ்திரியிடம் கேட்டால், “பாக்கலல்ல? அப்பத் தெரியாது. போய் வேலயப் பாரு” என்றார்.

அடுத்த ஞாயிறு ஒரகடத்தில் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. லைன் ஓடாத நாளில்தான் மிஷின் நகர்த்த விடுவார்கள். தகட்டை அடித்து வளைக்கும் பெரிய பிரஸ் மிஷின். அடியில் பைப் கொடுத்து உருட்டிக்கொண்டிருந்தோம். தரையில் கேபிள் போகும் பள்ளத்தின்மேல் இரும்பு மூடி போட்டு, அதற்குமேல் நாங்களும் தகடு விரித்திருந்தோம். அப்படியும் ஒரு மூலையில் மூடி மடங்கியது. பைப் உள்ளே இறங்கியது. மிஷினின் முன்மூலை சரிந்தது.

முன்னால் பைப் போட்டுக்கொண்டிருந்த முருகேசனின் வலது கால், முழங்காலுக்குக் கீழே, மிஷினுக்கும் தரைக்கும் நடுவில் போய்விட்டது. கோணலாக நின்ற பைப்பும் ஒரு துண்டுக் கட்டையும் மீதிக் கனத்தைத் தாங்கிக்கொண்டிருந்தன. இல்லையென்றால் அன்றைக்கே கால் கூழாகியிருக்கும்.

அந்தக் கம்பெனி என்ஜினியர் சின்ன வயதுக்காரர். முகம் வெளுத்துவிட்டது, ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தார். ஆம்புலன்ஸை ஷெட் வாசலுக்கு வரவழைத்தார், வேடிக்கை பார்த்தவர்களை வெளியே அனுப்பினார், மேஸ்திரியிடம் வந்து, “என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க” என்றார். மேஸ்திரி, “கட்டை. இங்க கீற கட்டை எல்லாம்” என்றார்.

ஜாக்கி வைக்க உறுதியான தரை, சரிந்த மூலைக்குப் பக்கவாட்டில் மட்டும்தான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மேஸ்திரிக்கு முருகேசன் தெரிய மாட்டான். நான் முன்பக்கம் குப்புறப் படுத்தேன். என் முகத்துக்கு நேரே அவன் முகம்.

ஜாக்கியின் மூக்கு நுழையக் கொஞ்சம் இடம் வேண்டும். நான்கு பேர் நீளக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். நெம்பும்போது கலாசி வாயில் தானாக வருவது ஒன்று உண்டு. யாரோ, “ஓ… ஐசா!” என்றான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தக் குரல் கேட்டால் எங்கள் ஆள் எவனுக்கும் உடம்பு சும்மா இருக்காது. அடியில் கிடந்த முருகேசனும் எங்கள் ஆள்தான். அவனை அறியாமல் அவன் உடம்பும் ‘ஐசா’வோடு சேர்ந்து தம் கட்டி இழுத்தது. அவன் போட்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. கால் திரும்பியது, கட்டையைத் தட்டியது, மிஷின் ஒரு நூல் இறங்கியது.

“பாட்ட நிறுத்து!” மேஸ்திரி கத்தி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். உடனே குரலை இறக்கிக்கொண்டார். “எவனும் வாயத் தொறக்கக் கூடாது. என் கையப் பாத்து நெம்புங்க. ஏழுமல!”

“மேஸ்திரி” என்றேன்.

“இன்னா பாக்கற?”

“கட்டை ஒரு விரல் நகந்திருக்கு. பைப் நிக்குது. பாதம் தெரியுது. ரத்தம் இருக்கு.”

“அவன் காலை அசைக்கக் கூடாது. அசைச்சா கட்டை போயிடும். அவங்கூடப் பேசிக்கினே இரு.”

“என்ன பேசறது மேஸ்திரி?”

“எனக்கின்னாடா தெரியும்? பேசு!”

ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பேசுவதற்கு என்னைவிட மோசமான ஆள் கிடையாது. நான் அவனைப் பார்த்தேன். அவன் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி… மணி என்ன?”

“பதினொண்ணு ஆகப் போகுது.”

“தும்பி போட்டுருவான்லா.” எச்சிலை விழுங்கினான். “போன வாரக் கதையச் சொல்லுங்க.”

“நீயும்தானே பார்த்த.”

“தெரிஞ்ச கதையே போதும் அண்ணாச்சி. புதுசு ஒண்ணும் வேண்டாம். சொல்லுங்க.”

ஆரம்பித்தேன். தும்பி மலையைச் சுற்றி வருகிறது என்றேன். “மலை இல்ல, மொதல்ல ஆறு” என்று திருத்தினான். ஆறு என்று மாற்றிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஜாக்கி ஒரு அடி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் நூல் அளவு ஏறும். ஏறிய இடத்தில் உடனே கட்டையைச் செருகுவார்கள். சத்தமே இல்லை. அத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் என் குரல் மட்டும்தான் கேட்டது. எனக்கே அது யாருடைய குரலோ போல இருந்தது.

“லீனா பெல்ட்டை மாட்டறா. கதவுகிட்ட வர்றா. மேஸ்திரி, வலது பக்கம் கட்டை பிடிச்சிருச்சு. லீனா இறங்கறா. கயிறு லேசா ஆடுது…”

“எந்தக் கயிறு?” முருகேசன் பதறினான். “இங்கனயா, அங்கனயா?”

“அங்க.”

“அதச் சொல்லிட்டுச் சொல்லுங்க. உசுரு போயி வருதுல்லா.”

அதற்குப் பிறகு சீரியலுக்கு ஒரு குரல், மேஸ்திரிக்கு ஒரு குரல் என்று பிரித்துக்கொண்டேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். காலை அசைக்கவில்லை. சுரங்கத்துக்குள் போனோம். கிழவரைக் கண்டுபிடித்தோம். மண்ணைத் தோண்டினோம். அவரைக் கட்டினோம். பைப்பின்மேல் இருந்த கனம் விட ஆரம்பித்தது, ஆனால் கால் இன்னும் வரவில்லை. கயிறு பாறையில் உரசும் இடம் வந்தது. கதையை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அது தீர்ந்துகொண்டே வந்தது.

“கேப்டன் கேக்கறாரு. கயிறு தாங்குமான்னு.”

நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முருகேசன் கண் கொட்டாமல் பார்த்தான். “வாசக்காரன் என்ன சொன்னான்?”

அந்தப் பக்கம் ஜாக்கி நின்றிருந்தது. கட்டை மாற்றுகிறார்கள் போல. மேஸ்திரிக்கும் கேட்டிருக்கும்.

“தாங்கும்னு சொன்னான்” என்றேன்.

“பாத்தியளா?”

“பார்த்தேன்.”

“எங்க வச்சி?”

“வீட்ல.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு, “சரி” என்று கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டான். தாடை ஆடுவது நின்றிருந்தது. கேப்டன் தும்பியை மேலே ஏற்றினார் என்றேன். கயிறு ஒவ்வொரு முழமாக ஏறியது என்றேன். முதலில் கிழவரின் தொப்பி தெரிந்தது, பிறகு முகம், பிறகு லீனாவின் கை. வாசக்காரன் எட்டிப் பிடித்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

“ஏழுமல, காலச் சுத்தி எடம் கீதா, இல்லியா?”

கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். “இருக்கு மேஸ்திரி. சுத்தியும் இருக்கு. நாலு விரல்.”

“கட்டை?”

“நாலு மூலையும் நிக்குது.”

“இழுங்க.”

இழுத்தோம். ஆம்புலன்ஸ் போனது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரி எனக்கும் ஒரு டீ வாங்கி வந்தார். காலை எடுக்க வேண்டியதில்லை, இரண்டு விரல் மட்டும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். மேஸ்திரி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“அந்த வாசக்காரன் மெய்யாலுமே தாங்கும்னுதான் சொன்னானா?”

“தெரியாது மேஸ்திரி.”

“பாக்காதத சொல்லாதன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்.”

அவர் டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தார்.

“இன்னிக்கு வுடு” என்றார்.

அதைப் பற்றி அவர் மறுபடி பேசியதில்லை. கொரோனா சமயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். முருகேசன் லேசாகச் சாய்ந்து நடப்பான். ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாக இருக்கிறான். தும்பியை அப்புறம் டிவியில் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சுரங்கக் கதை எங்கள் யார் கண்ணிலும் மறுபடி படவே இல்லை.

இப்போது யாரோ புண்ணியவான் எல்லா வாரத்தையும் போனில் பார்க்கிற மாதிரி ஏற்றி வைத்திருக்கிறார். அப்படித்தான் செல்வம் சொன்ன பையன்களும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். லைனில் நிற்கும் பையன் ஷிப்ட் முழுக்க ஒரே போல்ட்டை முடுக்குகிறான். வண்டி அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. அது ஓடியதா, யார் வாங்கினார்கள், ஒன்றும் தெரியாது. தும்பியில் ஒரு வேலை ஆரம்பித்து, கெட்டுப்போய், சரியாகி, கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். முழு வேலையையும் கண்ணால் பார்க்க முடிகிறது. அதற்காகப் பார்க்கிறார்களோ என்னவோ. இது நினைத்ததுதான், பார்த்ததில்லை. அவர்களையே கேட்டுக்கொள் தம்பி.

முருகேசன் விஷயத்தில் நினைக்க வேண்டியதில்லை. அவனே சொல்லிவிட்டான். செல்வம் எழுதச் சொன்னதைப் போனில் சொன்னபோது சிரித்தான்.

“அண்ணாச்சி, நீங்க வீட்ல பாத்தேன்னு சொன்னியள்ல, அப்ப ஒங்க வீட்ல டிவிப்பொட்டியே கெடையாது. கவர்மென்ட் குடுத்தத ஒங்க தம்பி வீட்டுக்குக் குடுத்திட்டிய.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் அது தோன்றவே இல்லை. “அப்புறம் ஏன்டா சரின்னு சொன்ன?”

“நம்பிலாம் இல்ல. நீங்க பாக்காதத சொல்லாத மனுசன். அவரே எனக்காவ பொய் சொல்லுதாருன்னா, என்னைய அங்கன விட்டுட்டுப் போவ மாட்டாருன்னு தெரிஞ்சு போச்சு. பொறவு பயம் இல்ல.”

பிறகு அவன் கேட்டான். “அந்த வாரம் போன்ல இருக்கு. பாத்தியளா?”

“இல்ல. நீ?”

“எடுத்து வச்சிருக்கேன். தொடல. நான் அங்க வாரேன்.”

நேற்று ராத்திரி பஸ் ஏறி, இன்று விடிகாலை வந்து சேர்ந்தான். கையில் ஒரு பை நிறைய கருப்பட்டி மிட்டாய். இட்லி சாப்பிட்டுவிட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். “கேப்டன் கேக்குத எடத்துல நிறுத்திட்டு ஒரு டீ குடிப்போம் அண்ணாச்சி” என்கிறான். மேஸ்திரியின் நான்கு விரல் அவனை விட்டும் போகவில்லை.

வாசக்காரன் என்ன சொன்னான் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். கயிறு அறுந்ததாகவும் இருக்கலாம். அந்தக் கிழவருக்கு என்ன ஆனதோ எனக்குத் தெரியாது, பார்க்காததைச் சொல்லக் கூடாது. அடியில் கிடந்தவன் எழுந்து வந்து என் வீட்டில் டீக்குச் சர்க்கரை போதவில்லை என்கிறான். இதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆவணி மாதம், முதல் ஞாயிறு. காலை. பதினொன்று அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.